சுப்ரீம் கோர்ட் தடையை நீக்கிவிட்டதாம், பம்ப் ஸ்டாக்கை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: டெக்ஸஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எங்களுக்கு கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீஸ் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகத் தொடங்கிய என் கணவர் போன வருடம் ஒரு ஏஆர்-15 துப்பாக்கி வாங்கினார். கடையில் முறைப்படி வாங்கியதுதான். இப்போது ஒரு நண்பர் பம்ப் ஸ்டாக் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதை மாட்டினால் மெஷின் கன் மாதிரி படபடவென்று சுடுமாம். எனக்கு பயமாக இருக்கிறது. கேட்டால், "சுப்ரீம் கோர்ட்டே தடையை நீக்கிவிட்டது, நீ சும்மா இரு" என்கிறார். மெஷின் கன் மாதிரி சுடுவதை மெஷின் கன் இல்லை என்று ஒரு நீதிமன்றம் எப்படிச் சொல்ல முடியும்? மூன்று மாதத்தில் வேலை மாறி நியூஜெர்சி போகிறோம். எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியும் எங்களோடுதான் இருக்கிறான், அவனும் இவரோடு ரேஞ்சுக்குப் போவான். நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடைசிக்கு முந்தின வரி. தம்பியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பம்ப் ஸ்டாக்கை விட அதுதான் அவசரம், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். டெக்ஸஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும் இது மாறாது. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில் மாமாவுடைய துப்பாக்கியைப் பத்து நிமிடம் கையில் பிடித்தாலும் 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குள் அது வந்துவிடலாம். இது வெறும் ஏட்டுச் சட்டமும் இல்லை. படிக்க வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, ஊர் திரும்பாமல் இருந்த ஒரு மாணவர் புளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அந்த வழக்கு 2019-இல் சுப்ரீம் கோர்ட் வரை போனது. தன் குடிவரவு நிலை அவருக்கே தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபித்திருக்க வேண்டும் என்று சொல்லி அவருக்கு விதித்த தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் தம்பிக்கு அந்த வழி உதவாது. தான் எச்-1பியில் இருப்பது தெரியாது என்று எந்த மென்பொறியாளர் சொல்ல முடியும்?

ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவில் முறையாக வாங்கிய வேட்டை உரிமம், அதாவது ஹன்டிங் லைசென்ஸ், கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. மான் வேட்டையாடாதவருக்கு எதற்கு இது என்று சிரிப்பு வரும்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தம்பியிடம் அந்த உரிமம் இல்லையென்றால், இருந்தும் காலாவதியாகியிருந்தால், இனி ரேஞ்சுக்குப் போக வேண்டாம். துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ அவனிடம் இருக்கவும் கூடாது. தொடாமலே, எட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருந்தாலும் 'வைத்திருந்ததாக' வாதிட இடமிருக்கிறது. அப்புறம், இன்ஸ்டாகிராமில் துப்பாக்கியோடு போஸ் கொடுத்த படங்கள் இருந்தால் அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாமல், முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் கணவரின் வாதத்துக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர் சொல்லும் தீர்ப்பு 2024 ஜூன் 14 அன்று வந்த கார்லண்ட் எதிர் கார்கில். (பெயரைப் பார்த்து மலையுச்சிப் போரை நினைத்துவிட வேண்டாம். மைக்கேல் கார்கில் உங்கள் மாநிலத்திலேயே, ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர்.) வழக்கின் வேர் 2017 அக்டோபர் 1-ஆம் தேதி இரவில் இருக்கிறது. லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலின் 32-ஆவது மாடி ஜன்னலிலிருந்து, கீழே திறந்தவெளி இசை நிகழ்ச்சியில் கூடியிருந்தவர்கள் மீது ஒருவன் ஏறத்தாழ பத்து நிமிடம் சுட்டான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். அப்போது 58 பேர் இறந்தார்கள், பின்னாளில் காயங்களால் இறந்த இருவரையும் சேர்த்து எண்ணிக்கை 60 ஆனது. அவன் கையில் இருந்தவற்றில் பல, கடையில் யாரும் வாங்கக்கூடிய செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள். அவற்றில் பம்ப் ஸ்டாக் மாட்டியிருந்தான். அதன் பிறகு ஏடிஎஃப் என்ற கூட்டரசு ஆயுதத் துறை, பம்ப் ஸ்டாக்கும் மெஷின் கன்தான் என்று விதி போட்டுத் தடை செய்தது. அந்த விதியைத்தான் கார்கில் எதிர்த்தார்.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரியாமல் தீர்ப்பு புரியாது. செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசையை ஒரு முறை இழுத்து, விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். வேகம் விரலின் வேகம்தான். பம்ப் ஸ்டாக் என்பது தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்கட்டைக்குப் பதிலாக மாட்டுவது. அதற்குள் துப்பாக்கி முன்னும் பின்னும் வழுக்கி நகரும். சுட்டதும் உதைப்பு துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. துப்பாக்கியின் முன்பகுதியைப் பிடித்த கை, அதாவது முன்கை, அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. விரல் ஓரிடத்தில் அசையாமல் நிற்க, விசை தானே வந்து வந்து விரலில் இடித்துப் போகிறது. தையல் இயந்திரத்தில் துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஊசி பாட்டுக்குக் குத்திக்கொண்டிருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 400 முதல் 800 தோட்டா வரை போகும் என்று அந்த வழக்கின் மாறுபட்ட தீர்ப்பே கணக்குச் சொல்கிறது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். மெஷின் கன் என்றால் என்ன என்பதை 1934-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருக்கிறது. குண்டர் கும்பல்கள் டாமி கன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் எழுதியது. விசையின் 'ஒரே இயக்கத்தில்', கையால் மறுபடி நிரப்பாமல், 'தானாக' ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுடுவது எதுவோ அது மெஷின் கன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த 'ஒரே இயக்கம்' என்ற சொற்றொடர், அப்போதைய தேசிய ரைஃபிள் சங்கத் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னபோது எடுத்துக்கொடுத்தது. இன்று துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றாலே எதிர்த்து நிற்பதாக நாம் அறிந்திருக்கும் அதே சங்கம்தான். 1986 மே 19-க்குப் பிறகு தயாரித்த மெஷின் கன் எதையும் பொதுமக்கள் வைத்திருக்கவே கூடாது என்று இன்னொரு சட்டமும் வந்தது. அதனால் ஒரு பொருள் இந்த வரையறைக்குள் விழுந்தால் அதோடு கதை முடிந்தது. பத்து ஆண்டு வரை சிறை.

ஆக மொத்தச் சண்டையும் இரண்டு மூன்று சொற்களில் வந்து நிற்கிறது. 'விசையின் இயக்கம்' என்றால் விசை செய்வதா, சுடுபவர் செய்வதா?

நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு விசையைப் பார்த்தது. கடிகாரக்காரர் மாதிரி உள்ளே கழற்றி, படங்களெல்லாம் போட்டு விளக்கியது. பம்ப் ஸ்டாக் மாட்டினாலும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை ஒரு முறை விடுபட்டு ஒரு முறை அழுந்துகிறது. எனவே ஓர் இயக்கத்துக்கு ஒரு தோட்டாதான். அதோடு முன்கை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் 'தானாக' என்பதும் பொருந்தாது. ஆறு பேர் இந்தப் பக்கம். நீதிபதி சோனியா சோட்டோமேயர் மனிதரைப் பார்த்தார். சுடுபவர் ஒரு முறை அழுத்திவிட்டு அப்படியே நிற்கிறார், தோட்டாக்கள் பாய்கின்றன, இதற்கு வேறென்ன பெயர்? வாத்து மாதிரி நடந்து, வாத்து மாதிரி நீந்தி, வாத்து மாதிரி கத்தினால் அதை நான் வாத்து என்றுதான் சொல்வேன் என்று எழுதினார். மூன்று பேர் அந்தப் பக்கம்.

கவனியுங்கள், ஆயுதம் வைத்திருக்கும் அரசியல் சாசன உரிமை என்று நாம் டிவியில் கேட்கும் இரண்டாம் திருத்தம் இந்தத் தீர்ப்புக்கு அடிப்படையே இல்லை. பம்ப் ஸ்டாக் வைத்திருப்பது உங்கள் உரிமை என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. '1934-இல் எழுதிய சொற்களுக்குள் இது வரவில்லை, அதை வந்ததாக அறிவிக்க ஏடிஎஃப் துறைக்கு அதிகாரம் இல்லை' என்பதே தீர்ப்பு. பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி அலிட்டோ தனியாக ஒரு சிறு குறிப்பே எழுதினார். 1934-இல் சட்டம் எழுதியவர்கள் பம்ப் ஸ்டாக்கைக் கண்டிருந்தால் அதையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் எழுதிய சட்டம் எழுதியதுதான், வேண்டுமானால் நாடாளுமன்றம் திருத்தட்டும் என்றார். உங்கள் கணவர் 'தடையை நீக்கிவிட்டது' என்று சொல்வது இவ்வளவுதான்.

என் கருத்தைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2019 மார்ச்சில், அந்தத் தடை அமலுக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒருவர் காகிதப் பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். ஓய்வு பெற்ற மெக்கானிக். "ரசீதோடு வாங்கினேன், அரசாங்கம் அனுமதித்தது என்று கடிதத்தைக் காட்டித்தான் விற்றார்கள். வருகிற செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்?" என்று கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. ஏடிஎஃப் துறை, இதன் முன்னோடியான, உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு கருவியை முதலில் சரி என்றது, 2006-இல் அதுவே மெஷின் கன் என்றது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வந்ததை 2010-இல் சரி என்று கடிதம் கொடுத்தது. பல ஆட்சிகளில் பத்துக்கும் மேற்பட்ட முறை அதையே சொன்னது. லாஸ் வேகாஸுக்குப் பிறகு, டிரம்ப் உத்தரவின் பேரில், 2018 டிசம்பரில் தலைகீழாக மாறியது. 90 நாளில் உடைத்துப் போடு அல்லது ஒப்படை, பணம் கிடையாது. அப்போது மக்கள் கையில் 5,20,000 வரை இருக்கலாம் என்று அந்தத் துறையே கணக்கிட்டது.

பழுதை என்று மிதிக்கவும் முடியாது, பாம்பென்று தாண்டவும் முடியாது என்பார்களே, அந்த நிலையில் இந்தப் பொருளை வைத்திருந்தவர்களை நிறுத்தினார்கள். குறி பார்த்துச் சுட இது உதவாது. வேட்டைக்கும் உதவாது. கூட்டத்தை நோக்கிச் சுடுவதற்குத்தான் உதவும் என்பதை அந்த இரவு காட்டியது. இதற்குத் தடை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் ஒரு துறை தன் கடிதத்தைத் தானே மாற்றி எழுதி லட்சக்கணக்கானவர்களைக் குற்றவாளி ஆக்கலாம் என்றால், நாளைக்கு எச்-1பி விதியையும் அப்படி ஒரே ராத்திரியில் மாற்றலாம். நமக்குத் தெரியாததா?

இதை முன்கூட்டியே சொன்னவர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு வாழ்நாளெல்லாம் வாதாடிய செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன். இந்தத் துறைக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை, விதி போட்டால் நீதிமன்றத்தில் துப்பாக்கித் தரப்புக்குக் கொண்டாட்டம்தான், சட்டமே இயற்றுங்கள் என்று எச்சரித்தார். லாஸ் வேகாஸ் நடந்த அதே வாரத்தில் ரைஃபிள் சங்கமே கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று அறிக்கை விட்டிருந்தது. கதவு அன்று திறந்திருந்தது. துறையே பார்த்துக்கொள்ளட்டும் என்று நாடாளுமன்றம் ஒதுங்கிக்கொண்டது. விளைவைப் பாருங்கள். டிரம்ப் ஆட்சி போட்ட விதியை பைடன் ஆட்சி நீதிமன்றத்தில் காப்பாற்றப் பார்க்க, டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகளும் சேர்ந்து அதைத் தள்ளினார்கள். தீர்ப்பு வந்த நான்காம் நாள் செனட்டில் தடை மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றலாமா என்று கேட்டார்கள். நெப்ராஸ்கா செனட்டர் பீட் ரிக்கெட்ஸ் எழுந்து மறுத்தார், முடிந்தது.

என் மெக்கானிக் அன்று அதை வெட்டிப் போட்டுவிட்டார். கார்கில் இரண்டை 'மறுப்போடு ஒப்படைக்கிறேன்' என்று கொடுத்துவிட்டு வழக்குப் போட்டார். முறையாக எதிர்ப்பது எப்படி என்பதற்கு, அவர் கொள்கை பிடிக்காவிட்டாலும், நான் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

இனி நியூஜெர்சி. கார்கில் தீர்ப்பு தொட்டது கூட்டரசு விதியை மட்டும். மாநிலங்கள் தாங்களே இயற்றிய சட்டங்கள் அப்படியே நிற்கின்றன. ஏறக்குறைய 15 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் பம்ப் ஸ்டாக்குக்குச் சொந்தத் தடை இருக்கிறது. அந்தக் கொலை நடந்த நெவாடாவிலும், பார்க்லேண்ட் பள்ளிக் கொலைக்குப் பிறகு புளோரிடாவிலும் கூட உண்டு. டெக்ஸஸில் இல்லை. நியூஜெர்சியில் உண்டு, 2018 ஜனவரியிலிருந்து. விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே சிறைக்குரிய குற்றம். துப்பாக்கியில் மாட்டாமல் அட்டைப் பெட்டியில் கிடந்தாலும் அப்படித்தான்.

'சும்மா காரில் வைத்துக் கொண்டுபோகிறோம்' என்பதும் உதவாது. மாநில எல்லைகளைக் கடந்து துப்பாக்கி கொண்டுபோவோருக்குக் கூட்டரசுச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அது சட்டப்படி இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. போய்ச் சேரும் இடமே தடை செய்திருக்கும்போது குடை கிழிந்துவிடுகிறது. வழியில் வரும் மேரிலாந்தும் டெலவேரும் கூடத் தடை செய்த மாநிலங்கள்தான்.

பம்ப் ஸ்டாக்கோடு முடியவில்லை. ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளுக்கே நியூஜெர்சியில் தடை இருக்கிறது. அதன் மேல் வழக்குகள் ஓடுகின்றன, ஆனால் வழக்கு ஓடுகிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினும் அங்கே கூடாது. உங்கள் கணவரிடம் இருப்பது அநேகமாக 30 தோட்டா மேகசினாக இருக்கும். எனவே சாமான் கட்டுவதற்கு முன்னால் அந்த மாநில வழக்கறிஞர் ஒருவரிடம் துப்பாக்கியின் மாடல், மேகசின், எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டி ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கொடுங்கள். வீட்டுச் சாமான் லாரிக்குக் கொடுப்பதில் ஒரு துளி கூட ஆகாது. ஊரில் தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு ரசீது வாங்குவார்களே, உங்கள் மாமனார் வீட்டில் யாராவது அப்படிச் செய்திருப்பார்கள். இங்கே யாரும் வந்து அறிவிக்க மாட்டார்கள். மாநில எல்லைதான் அறிவிப்பு.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தல் வரை போகலாம். பம்ப் ஸ்டாக் என்ற துண்டு அந்தப் பிரிவில் வரும் 'துப்பாக்கி' ஆகுமா என்று நான் நன்றாகவே வாதாடுவேன், ஒருவேளை ஜெயிக்கவும் செய்வேன். அந்த வாதம் முடியும் வரை உங்கள் குடியுரிமை விண்ணப்பம் எங்கே கிடக்கும் என்று அவரை யோசிக்கச் சொல்லுங்கள். குற்றம், தண்டனை என்று பேசினால் கோபப்படுபவர்கள் கூட விண்ணப்பம் என்றால் நின்று கேட்பார்கள். என் அனுபவம்.

"அது வேண்டாம், எஃப்ஆர்டி வாங்கிக்கொள்கிறேன்" என்று அடுத்த பேச்சு வரலாம், அதே நண்பர் வட்டத்தில் இது இப்போது ஓடுகிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு விசையைத் தானே முன்னுக்குத் தள்ளிவிடும் ட்ரிக்கர் அது. ஏடிஎஃப் அதையும் மெஷின் கன் என்றது, கார்கில் தீர்ப்பைக் காட்டி டெக்ஸஸ் கூட்டரசு நீதிமன்றம் 2024-இல் அதைத் தள்ளியது, 2025 மே மாதம் அரசு தயாரிப்பாளரோடு சமரசம் செய்துகொண்டு பறிமுதல் செய்தவற்றைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட மாநிலங்களில் நியூஜெர்சியும் ஒன்று. அங்கே உங்களுக்கு என்ன வரவேற்பு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று 'ஸ்விட்ச்' என்கிறார்கள். கைத்துப்பாக்கியின் பின்புறம் மாட்டும் சின்னத் துண்டு, விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நிற்காமல் சுடும். இதில் விவாதமே இல்லை. இது எந்த மாநிலத்திலும் மெஷின் கன்தான், கார்கில் தீர்ப்பு இதைக் காப்பாற்றாது. யாராவது 'சும்மா பார்' என்று கையில் கொடுத்தால் கூட வாங்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டெக்ஸஸில் இருக்கும்போதே அந்த பம்ப் ஸ்டாக்கைக் கொடுத்த நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், அது அங்கே குற்றமில்லை. அவர் வாங்க மறுத்தால் உள்ளூர் காவல் துறையின் அவசரமில்லாத எண்ணுக்கு முதலில் போன் செய்து, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு, சொன்னபடி ஒப்படையுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குள் நுழைய வேண்டாம். எப்படிக் கொடுத்தாலும் தேதியோடு எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் என்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: "நீ கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்." அவர் 'சரி' என்று பதில் போட்டதும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.